புனுகுப் பூனையும் நாமும்

கோடை விடுமுறை வந்துவிட்டால் பாட்டி வீட்டுக்குப் போவது எங்கள் வழக்கம். குமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் உள்ள ஒரு சிற்றூர் அது. பலா, மா, தென்னை, பனை, கொல்லையில் வாழை என மரங்கள் சூழ்ந்த பழைய ஓட்டு வீடு. சென்ற விடுமுறையில் அங்கே ஒரு வாரம் நாங்கள் யாரும் சரியாக உறங்கவில்லை. இரவு பதினொரு மணியானால் போதும், மச்சுப் பலகைக்கு மேலே யாரோ நடப்பதுபோல் தடதடவென்று ஓசை எழும். சற்று நேரம் அமைதி. பிறகு மெல்லிய கீச்சுக் குரல்கள். என் தம்பி போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டு, “பேய்!” என்றான். பாட்டி சிரித்தார்.

“பேயும் இல்ல, பிசாசும் இல்ல மக்களே. அது மரநாய். பழம் தின்ன வந்தது, இங்கேயே குடியிருக்குது” என்றார்.

மாமாவுக்குத்தான் பொறுக்கவில்லை. கொல்லையில் பழுத்திருந்த மட்டி வாழைக் குலையில் பாதியை அது தின்றுவிட்டதாம். எங்கிருந்தோ ஓர் இரும்புக் கூண்டை வாங்கி வந்து, உள்ளே ஒரு சீப்புப் பழத்தைக் கட்டி, பலாமரத்தடியில் வைத்தார். மறுநாள் விடியற்காலையில் நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது கூண்டின் கதவு விழுந்திருந்தது. உள்ளே ஒரு பூனையைவிடச் சற்றுப் பெரிய விலங்கு. சாம்பல் படிந்த கருநிறம். முகமூடி கட்டியதுபோல் கண்களைச் சுற்றிக் கறுப்பு. உடல் நீளத்துக்கு ஒரு வால். இரவு முழுவதும் கம்பியைக் கடித்ததால் அதன் வாயோரத்தில் இரத்தம் கசிந்திருந்தது. பழத்தை அது தொடவே இல்லை.

செய்தி அறிந்து வந்த பக்கத்து வீட்டுக்காரர், “இதன் கறி வாதத்துக்கு நல்லது” என்றார். இன்னொருவர், “மலையடிவாரத்தில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள்” என்றார். அப்போது வீட்டுக்குள்ளிருந்து அந்தக் கீச்சுக் குரல்கள் கேட்டன. இரவில் கேட்டதைவிடப் பலமாகக் கேட்டன. பாட்டி மச்சை நோக்கிக் காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு மாமாவிடம், “தாயையும் பிள்ளையையும் பிரிச்ச பாவம் நமக்கு வேண்டாம். கூட்டைத் தொறந்து விடு” என்றார். மாமா சற்றுத் தயங்கினார், ஆனால் திறந்துவிட்டார். அது ஒரே ஓட்டமாகப் பலாமரத்தில் ஏறி மறைந்தது.

அன்றிரவும் மச்சின்மேல் தடதடவென்று ஓசை கேட்டது. ஆனால் அன்று நாங்கள் நன்றாக உறங்கினோம்.

பள்ளி திறந்த பிறகும் அந்த முகம் என் நினைவை விட்டு அகலவில்லை. இந்த விலங்கு எது? மனிதருக்கும் இதற்கும் என்ன உறவு, என்ன பகை? எங்கள் விலங்கியல் ஆசிரியையிடம் கேட்டும், நூலகத்தில் தேடிப் படித்தும் நான் அறிந்தவற்றை இங்கே தோழியரோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பூனையும் அன்று, நாயும் அன்று

தமிழில் இதற்கு மரநாய் என்று பெயர். எங்கள் பக்கத்தில் மலையாள வழக்கை ஒட்டி மரப்பட்டி என்றும் சொல்வார்கள். இதன் நெருங்கிய உறவினம் புனுகுப் பூனை. ஒன்றை நாய் என்கிறோம், மற்றொன்றைப் பூனை என்கிறோம். உண்மையில் இரண்டும் நாயும் அல்ல, பூனையும் அல்ல. விலங்கியல் அறிஞர்கள் இவற்றை விவெரிடே என்ற தனிக் குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பரவியுள்ள இக்குடும்பத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பூனை, கீரி, கழுதைப்புலி ஆகியவை இவற்றுக்குத் தூரத்துச் சொந்தம்.

தமிழ்நாட்டில் நாம் சாதாரணமாகக் காணக்கூடியவை இரண்டு. முதலாவது நாட்டு மரநாய். எடை 2 முதல் 5 கிலோ வரை இருக்கும். முதுகில் மங்கலான மூன்று கருங்கோடுகளும், முகத்தில் முகமூடி போன்ற கறுப்பும் அடையாளங்கள். மரம் ஏறுவதில் மிகுந்த திறமை உடையது. பகலில் மரப்பொந்திலோ பழைய வீட்டுக் கூரையிலோ சுருண்டு உறங்கும். இரவில்தான் இரை தேடும். பழங்களே இதற்குப் பெருவிருப்பம். ஆயினும் எலி, ஓணான், பூச்சி, நத்தை ஆகியவற்றையும் உண்ணும்.

இரண்டாவது சிறிய புனுகுப் பூனை. இது மரத்தைவிடத் தரையையே அதிகம் விரும்புவது. புதர், புல்வெளி, பாறையிடுக்கு, வளை ஆகியவற்றில் வாழும். உடலில் வரிசை வரிசையாகப் புள்ளிகளும், வாலில் கறுப்பும் வெளுப்புமாக வளையங்களும் இருக்கும். வாலில் வளையம் இருந்தால் புனுகுப் பூனை, வளையம் இல்லாத கருவால் என்றால் மரநாய் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மரநாயைப் பற்றி என் தாத்தா உயிருடன் இருந்தபோது சொன்ன ஒன்று நினைவுக்கு வருகிறது. அவர் பனையேறி. அந்தியில் பாளையைச் சீவிக் கலயம் கட்டிவிட்டு வந்தால், விடியும்போது சில கலயங்களில் அக்கானி குறைந்திருக்குமாம். பதநீரை எங்கள் ஊரில் அக்கானி என்போம். “நமக்கு முன்னால ஒரு பனையேறி வந்துட்டுப் போயிருக்கான்” என்று சிரித்துக்கொள்வாராம். இந்த வழக்கத்தைக் கண்டுதான் ஆங்கிலேயர் இதற்கு ‘டாடி கேட்’, அதாவது கள்ளுப் பூனை, என்று பெயர் வைத்தார்கள்.

புனுகு என்னும் செல்வம்

புனுகுப் பூனைக்கு வால் அடியில் ஒரு சுரப்பி உண்டு. ஆண், பெண் இரண்டுக்கும் உண்டு. அதிலிருந்து வெண்ணெய் போன்ற மஞ்சள் நிறப் பொருள் சுரக்கும். விலங்கு இதைக் கல்லிலும் மரத்திலும் உரசித் தடவிச் செல்லும். “இது என் எல்லை, நான் இவ்வழியே சென்றேன்” என்று மற்றப் புனுகுப் பூனைகளுக்கு அது எழுதி வைக்கும் கடிதம் அது. நமக்கு எழுத்து எப்படியோ, அதற்கு மணம் அப்படி. இந்தக் கடிதத்தைத்தான் மனிதன் வழித்தெடுத்துப் புனுகு என்று பெயரிட்டு விலைபேசினான்.

பச்சையாக முகர்ந்தால் புனுகின் வீச்சம் தாங்க முடியாதது. ஆனால் மிகச் சிறிதளவு எடுத்து எண்ணெயிலோ சந்தனத்திலோ கலந்தால் இனிய மணமாக மாறிவிடுகிறது. அதோடு மற்ற வாசனைகளையும் விரைவில் பறந்துவிடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. வாசனைத் தைலம் செய்பவர்கள் இதை விரும்பியதற்கு இதுவே காரணம்.

தமிழரின் வாழ்வில் புனுகுக்குப் பழைய இடம் உண்டு. பழைய நூல்களில் இதைப் புழுகு என்றும் சொல்வார்கள். கஸ்தூரி, சவ்வாது, சந்தனம், அகில் என்று மணப்பொருள்களை அடுக்கும்போது புனுகும் உடன் வரும். திருவொற்றியூர்க் கோயிலில் ஆண்டுக்கொரு முறை கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மூலவரின் கவசத்தைத் திறந்து புனுகு கலந்த தைலம் சாத்துகிறார்கள். திருப்பதியிலும் வெள்ளிக்கிழமை அபிஷேகத்துடன் புனுகு சாத்தும் வழக்கம் உண்டு. மயிலாடுதுறையில் கூறைநாடு என்னும் பகுதியில் உள்ள சிவன் கோயிலில் இறைவனின் பெயரே புனுகீசுவரர். புனுகுப் பூனை ஒன்று அங்கே வழிபட்டதாகத் தலபுராணம் கூறுகிறது. ஒரு காட்டு விலங்கின் பெயரால் இறைவனை அழைக்கும் அளவுக்கு நம் நாட்டார் அதை மதித்திருக்கிறார்கள்.

வெளிநாடுகளிலும் புனுகுக்குப் பெரும் மதிப்பு இருந்தது. ஆங்கிலத்தில் ‘சிவெட்’ என்ற சொல்லே அரபு மொழியிலிருந்து வணிகர்கள் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்றதுதான். ‘ராபின்சன் குரூசோ’ கதையை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். 1719-இல் அதை வெளியிட்ட டேனியல் டீஃபோ, எழுத்தாளராகப் புகழ்பெறும் முன் பல வணிகங்களில் கையைச் சுட்டுக்கொண்டவர். 1692-ஆம் ஆண்டு வாக்கில் இலண்டனுக்கு அருகே ஏறத்தாழ 70 புனுகுப் பூனைகளை வாங்கிப் புனுகு வணிகம் செய்ய முயன்றார். அதே ஆண்டில் கடனில் மூழ்கி நொடித்துப் போனார். பூனைகளும் கைவிட்டுப் போயின.

ஆனால் இந்த மணத்துக்குப் பின்னால் ஒரு துயரக் கதை இருக்கிறது. எத்தியோப்பியா நாட்டில் ஆப்பிரிக்கப் புனுகுப் பூனையைக் காட்டில் பிடித்து, குச்சிகளால் கட்டிய ஒடுங்கிய கூண்டில் அடைத்து வைப்பார்கள். அது உள்ளே திரும்பவும் இடம் இராது. சில நாள்களுக்கு ஒருமுறை அதைப் பிடித்து அழுத்திக்கொண்டு, சுரப்பியிலிருந்து புனுகைச் சுரண்டி எடுப்பார்கள். ஒரு தடவைக்குக் கிடைப்பது சில கிராம்தான். அதை மாட்டுக் கொம்புகளில் அடைத்துப் பிற நாடுகளுக்கு அனுப்புவார்கள். இரவெல்லாம் அலையும் இயல்புள்ள ஒரு விலங்கு தன் ஆயுள் முழுவதையும் அசையக்கூட முடியாத இடத்தில் கழித்தது, நாம் கைக்குட்டையில் தடவிக்கொள்ளும் ஒரு துளி வாசனைக்காக!

இதற்கு ஒரு விடிவு வேதியியல் கூடத்திலிருந்து வந்தது. சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய லியோபோல்ட் ருசிக்கா என்ற அறிஞர் 1926-இல் புனுகின் மணத்துக்குக் காரணமான சிவெட்டோன் என்ற பொருளின் அமைப்பைக் கண்டறிந்தார். அதில் 17 கரி அணுக்கள் கைகோத்து ஒரு பெரிய வளையமாக நிற்கின்றன. அத்தனை பெரிய வளையம் நிலையாக நிற்காது என்றுதான் அதுவரை வேதியியலார் எண்ணியிருந்தார்கள். 1939-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு ருசிக்காவுக்கும் மற்றொருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அமைப்புத் தெரிந்துவிட்டால் செயற்கையாகச் செய்வதற்கு வழி பிறந்துவிடும் அல்லவா? இன்று பெரும்பாலான வாசனைத் தைலங்களில் சேர்வது ஆலையில் செய்த செயற்கைப் புனுகுதான். பாரிஸ் நகரின் புகழ்பெற்ற ‘ஷனேல் ஐந்து’ தைலத்திலும் 1998 முதல் இயற்கைப் புனுகு சேர்ப்பதில்லை. அறிவியல் ஒரு கூண்டின் கதவைத் திறக்கவும் உதவும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

காப்பிக் கொட்டையின் கதை

ஒரு கூண்டு திறந்தது. மற்றொரு கூண்டு மூடியது. அதுதான் காப்பியின் கதை.

இந்தோனேசியாவின் ஜாவா, சுமத்திரா தீவுகளில் டச்சுக்காரர்கள் காப்பித் தோட்டங்கள் போட்டார்கள். தோட்டத்துக் காப்பிப் பழத்தைத் தங்கள் வீட்டுக்கென்று பறிக்கத் தொழிலாளருக்கு உரிமை இல்லை என்றும், அதனால் மரநாயின் எச்சத்தில் கிடந்த காப்பிக் கொட்டைகளை அவர்கள் பொறுக்கிக் கழுவி வறுத்துக் குடித்தார்கள் என்றும் சொல்வார்கள். மரநாய் நன்றாகக் கனிந்த பழத்தையே தேர்ந்து தின்னும். சதை செரித்துவிடும். மேல்தோல் மூடிய கொட்டை முழுதாக வெளியே வந்துவிடும். அங்கே மரநாய்க்கு ‘லுவாக்’ என்று பெயர். எனவே அந்தக் காப்பி ‘கோப்பி லுவாக்’ ஆயிற்று.

1991-இல் டோனி வைல்டு என்ற ஆங்கிலேயக் காப்பி வணிகர் ஒரு கிலோ அளவில் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். வேடிக்கைப் பொருளாகத் தொடங்கியது விரைவில் உலகிலேயே விலை உயர்ந்த காப்பிகளில் ஒன்றாகிவிட்டது. விலை ஏறியதும், காட்டில் போய் எச்சம் பொறுக்குவதற்கு யாருக்குப் பொறுமை இருக்கும்? மரநாய்களைப் பிடித்துக் கம்பிக் கூண்டுகளில் அடைத்து, காப்பிப் பழத்தையே திரும்பத் திரும்பத் தின்னக் கொடுத்தார்கள். பலவகைப் பழமும் இரையும் உண்டு வாழ்ந்த உயிர் ஒரே உணவால் நோயுற்றது. 2016-இல் பாலித் தீவில் 16 தோட்டங்களில் அடைபட்டிருந்த ஏறத்தாழ 50 மரநாய்களைப் பார்வையிட்ட ஆய்வாளர்கள், ஒரு தோட்டத்தில்கூட விலங்கு நலத்துக்கான அடிப்படை வசதிகள் இல்லை என்று எழுதினார்கள். அந்தக் காப்பியை மேல்நாட்டுக்கு அறிமுகப்படுத்திய டோனி வைல்டே மனம் வருந்தி, அதை வாங்க வேண்டாம் என்று பின்னாளில் பிரசாரம் செய்தார். தன் தவற்றைத் தானே உரக்கச் சொல்வதற்கும் துணிவு வேண்டும்.

பழி சுமந்த விலங்கு

2002-ஆம் ஆண்டின் இறுதியில் தெற்குச் சீனாவில் சார்ஸ் என்ற கொடிய மூச்சுநோய் தோன்றியது. 2003-இல் அது ஏறத்தாழ முப்பது நாடுகளுக்குப் பரவி, 8,000-க்கும் மேற்பட்டோரைத் தாக்கி, 774 பேரின் உயிரைக் குடித்தது. அவ்வாண்டு மே மாதத்தில் ஷென்சென் நகரத்துச் சந்தையில் இறைச்சிக்காக விற்கப்பட்ட முகமூடி மரநாய்களிடம் அந்நோயின் வைரஸ் இருப்பதைக் கண்டார்கள். 2004 ஜனவரியில் ஏறத்தாழ 10,000 மரநாய்களைக் கொல்ல ஆணை பிறந்தது. நீரில் மூழ்கடித்தும் மின்சாரம் பாய்ச்சியும் அவை அழிக்கப்பட்டன.

மறு ஆண்டே உண்மை தெளிவாயிற்று. அவ்வைரஸ் வகைகளுக்கு இயற்கையான இருப்பிடம் ஒருவகை வௌவால்கள் என்று 2005-இல் அறிஞர்கள் எழுதினார்கள். மரநாய் அந்த நோய்க்கு ஓர் இடைவழிதான். அப்படியானால் வௌவாலைக் கொல்ல வேண்டுமா? கூடவே கூடாது. வௌவால் தன் குகையில் இருந்தது. மரநாய் தன் காட்டில் இருந்தது. காட்டில் ஒன்றையொன்று நெருங்கியிராத உயிர்களை எல்லாம் பிடித்து வந்து, ஒரே சந்தையில் கூண்டின்மேல் கூண்டாக அடுக்கி, மனிதரோடு நெருக்கியது யார்? நோய்க்குப் பாலம் கட்டியது மனிதன்தான். தண்டனை மட்டும் மரநாய்க்குக் கிடைத்தது.

காட்டுக்கு விதைக்கும் உழவன்

இதுவரை சொன்னவை எல்லாம் மனிதன் மரநாயிடமிருந்து பிடுங்கிக்கொண்டவை. அது தானாக மனம் உவந்து கொடுப்பது ஒன்று உண்டு. அதற்குக் கூண்டு வேண்டாம், கூலியும் வேண்டாம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் பழுப்பு மரநாய் என்ற இனம் வாழ்கிறது. உலகில் வேறெங்கும் இது இல்லை. 1885-இல் பிளான்ஃபோர்டு என்ற அறிஞர் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். நம் களக்காடு – முண்டந்துறைக் காடுகளில் டாக்டர் திவ்யா முடப்பா என்ற பெண் விஞ்ஞானி பல ஆண்டுகள் தங்கி இவ்விலங்கை ஆராய்ந்தார். கழுத்தில் சிறிய வானொலிக் கருவியைப் பொருத்தி இரவெல்லாம் பின்தொடர்ந்தும், பாறைகளிலும் மரக்கிளைகளிலும் கிடந்த எச்சங்களை நூற்றுக்கணக்கில் சேகரித்துப் பிரித்துப் பார்த்தும் அவர் கண்டவை வியப்பூட்டுபவை. பகலில் அது மரப்பொந்திலும், கொடிப் பின்னலிலும், சில வேளைகளில் மலையணிலின் கூட்டிலும் உறங்குகிறது. புலால் உண்ணும் விலங்குகளின் வரிசையில் வைக்கப்பட்ட இது, உண்மையில் பெரும்பாலும் பழங்களையே உண்டு வாழ்கிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட தாவரங்களின் பழங்களை அது உண்பது தெரியவந்தது.

இதில் காட்டுக்கு என்ன நன்மை? எண்ணிப் பாருங்கள். ஒரு மரம் தன் காலடியிலேயே எல்லா விதைகளையும் உதிர்த்தால் அவை தாயின் நிழலிலேயே நெருக்கியடித்து வாடும். விதை தொலைவுக்குப் போக வேண்டும். மரத்துக்கோ கால் இல்லை. அதனால் பழத்தைக் கொடுத்து, விதையைச் சுமக்கச் சொல்கிறது. பறவைகள் பல விதைகளைச் சுமக்கும். ஆனால் பெரிய விதை சின்னப் பறவையின் தொண்டையில் இறங்காது. அத்தகைய விதைகளை விழுங்கிச் சுமக்க இருவாச்சி போன்ற பெரும் பறவைகளும் மரநாய் போன்ற விலங்குகளுமே உண்டு. மரநாய் பழத்தை மென்று அரைப்பதில்லை. விதை சிதையாமல் வெளிவருகிறது. ஒரே இரவில் பல மரங்களுக்குச் சென்று, வெகு தொலைவில் எச்சமிடுகிறது. காடு துண்டுபட்டு இருவாச்சி மறைந்துபோன இடங்களில், இந்தப் பணியைத் தாங்கி நிற்பவற்றுள் மரநாய் முக்கியமானது.

வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே சிறு சிறு துண்டுகளாக மழைக்காடுகள் எஞ்சியிருக்கின்றன. ஆய்வாளர்கள் நாற்றுப் பண்ணை வைத்து, அக்காட்டு மரங்களின் கன்றுகளை வளர்த்து மீண்டும் நட்டு வருகிறார்கள். ஒரு கன்றுக்கு விதை தேடி, முளைக்க வைத்து, களை எடுத்து, நட்டுக் காப்பாற்ற எத்தனை பேருடைய உழைப்பு! அதே பணியை மரநாய் தலைமுறை தலைமுறையாக இருளில் யாரும் அறியாமல் செய்து வந்திருக்கிறது.

நாட்டு மரநாயும் அப்படித்தான். காட்டை விட்டு நம் தோப்புக்கும் தெருவுக்கும் வந்து வாழப் பழகியது அது. ஊருக்குள் ஆல், அத்தி, கூந்தற்பனை போன்றவற்றின் விதைகளைப் பரப்புகிறது. நெல்லையும் தேங்காயையும் நாசமாக்கும் எலிகளைப் பிடித்துத் தின்று நமக்குக் காவலும் இருக்கிறது. ஒரு சீப்பு வாழைப்பழம் அதற்குக் கூலி என்று வைத்துக்கொண்டால் அது அதிகமா?

குமரியில் தொலைந்த ஒன்று

இதை எழுதும்போது எனக்கு மிகவும் வருத்தம் தந்த செய்தி ஒன்று உண்டு. மலபார்ப் புனுகுப் பூனை என்று ஓர் இனம். முதுகில் பிடரிமயிரும், உடலில் பெரிய கரும்புள்ளிகளும் கொண்ட பெரிய விலங்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியப் பாலூட்டிகளைப் பற்றி நூல் எழுதிய ஜெர்டன், இது மேற்குக் கடற்கரையோரம் குமரிமுனை வரை காணப்படுவதாகக் குறித்திருக்கிறார். குமரிமுனை என்றால் நம் மண்தானே! அன்று கடலோரச் சமவெளியில் காடுகள் இருந்தன. பின்பு அவை வயலாகவும் தோப்பாகவும் முந்திரித் தோட்டமாகவும் ரப்பர்த் தோட்டமாகவும் ஊராகவும் மாறின. விலங்கும் கண்ணில் படாமல் போயிற்று.

இனம் அழிந்துவிட்டது என்று பலரும் எண்ணியிருந்தபோது, 1987-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் அதன் தோல்கள் கிடைத்தன. நம்பிக்கை துளிர்த்தது. ஆனால் பிறகு நடந்த தேடல்களில் உயிருள்ள ஒன்றைக்கூடக் காட்டில் படம் எடுக்க முடியவில்லை. புனுகு வணிகத்துக்காக வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட பெரிய புனுகுப் பூனைகளின் வழித்தோன்றல்தானோ இது என்று ஐயுறும் அறிஞர்களும் உண்டு. அந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளலாம் என்றால், கையில் உயிருள்ள ஒரு விலங்கு இல்லை. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. கேள்வி கேட்கும் அறிவு நமக்கு வந்து சேரும்போது, விடை சொல்ல வேண்டிய உயிர் போய்விடுகிறது.

நாம் செய்யக்கூடியவை

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மரநாயையும் புனுகுப் பூனையையும் காக்கிறது. அவற்றைப் பிடிப்பதும், கொல்வதும், வீட்டில் அடைத்து வைப்பதும் குற்றம். என் மாமாவுக்கு அன்று இது தெரியாது. இப்போது தெரியும். கூண்டை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்.

வீட்டுக் கூரையில் மரநாய் குடியேறிவிட்டால் என்ன செய்வது என்று தோழியர் கேட்கலாம். முதலில் அஞ்ச வேண்டாம். சீண்டாதவரை அது மனிதரைத் தாக்குவதில்லை. குட்டிகள் இருந்தால் சில வாரம் பொறுத்திருங்கள். அவை வளர்ந்ததும் தாயோடு போய்விடும். பிறகு இரவில் அவை வெளியே சென்ற நேரம் பார்த்து, உள்ளே யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, உடைந்த ஓட்டையும் இடுக்கையும் அடைத்துவிடலாம். கூரையைத் தொடும் கிளைகளைக் கழித்துவிடலாம். வாழைக்குலையைச் சாக்கால் மூடலாம். தனியே கிடக்கும் குட்டியைக் கண்டால் உடனே எடுத்து வளர்க்கத் தொடங்கிவிடக் கூடாது. தாய் இரவில் தேடி வரும். வராவிட்டாலோ, காயம்பட்டிருந்தாலோ வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். இரவில் சாலையைக் கடக்கும்போது வண்டியில் அடிபட்டு இறக்கும் மரநாய்கள் பல. வண்டி ஓட்டும் நம் அப்பாவிடமும் அண்ணனிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பதும் நம் கையில்தான் இருக்கிறது.

ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மரநாயும் புனுகுப் பூனையும் நம்மோடு வாழ்கின்றன. மணத்துக்காக அடைத்தோம், சுவைக்காக அடைத்தோம், அச்சத்தால் கொன்றோம். கூண்டுக்குள் அவை நமக்குக் கொடுத்தது ஒரு கரண்டிப் புனுகும் ஒரு கோப்பைக் காப்பியும். கூண்டுக்கு வெளியே அவை கொடுத்துவருவது ஒரு காடு. எது பெரிது என்பதை நாமே முடிவு செய்துகொள்ளலாம்.

இதை எழுதி முடிக்கும் முன் காலாண்டு விடுமுறைக்கு மீண்டும் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தேன். மச்சில் இப்போது ஓசை இல்லை. குட்டிகள் வளர்ந்து போய்விட்டன. கொல்லையின் கோடியில், மதில் ஓரமாக ஒரு காப்பிச் செடி வெள்ளைப் பூவோடு நின்றது. “எப்போது நட்டீர்கள், பாட்டி?” என்று கேட்டேன்.

“நான் நடல்ல மக்களே. உங்க தாத்தாவும் நடல்ல. ராத்திரி வந்துட்டுப் போறவங்க நட்டது” என்றார்.